பஃபலோ, கட்டிடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் படிக்கும் அமெரிக்க நகரமான பஃபலோவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தேன். நகர மையத்தை நடந்தே சுற்றினேன். கேரண்டி கட்டிடத்தின் முன்னால் மட்டும் அரைமணி நேரம் நின்றிருப்பேன். சற்றுத் திரும்பினால் கான்கிரீட் பெட்டிகள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் பிறகு ரசனையை எங்கே தொலைத்தார்கள்? நவீனக் கட்டிடக்கலை என்பதே ஒரு வீழ்ச்சிதானா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

நீங்கள் அரைமணி நேரம் நின்று பார்த்தது நவீனக் கட்டிடத்தைத்தான். 1896-ல் லூயி சல்லிவனும் டாங்க்மர் ஆட்லரும் அதைக் கட்டி முடித்தபோது அந்த ஊரில் அதைவிடப் புதுமையானது இருந்திருக்காது. 13 தளங்களின் பாரத்தையும் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். வெளியே தெரியும் செந்நிறச் சுடுமண் வெறும் தோல். அன்று உயரமாகக் கட்டியவர்கள் பலர் அந்த உயரத்துக்கு வெட்கப்பட்டவர்கள்போல, கிரேக்க பாணியையும் ரோமானிய பாணியையும் அடுக்கடுக்காக ஏற்றி அதை மறைத்துக்கொண்டிருந்தார்கள். சல்லிவன் உயரத்தை உயரமாகவே காட்டினார். கண் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிறதே, அதற்காகத்தான் அந்தச் செங்குத்துக் கோடுகள்.

'பயனைப் பின்தொடர்ந்தே வடிவம் வரும்' என்று அவர் எழுதியதும் அதே 1896-ல்தான். பின்னால் வந்தவர்கள் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அலங்காரத்தையெல்லாம் வழித்துப் போட்டார்கள். எழுதியவரோ நம் சிற்பிகளின் கொடிக்கருக்கு போல விரற்கடை இடம் விடாமல் இலையும் கொடியும் படரவிட்டவர். வேடிக்கைதான்.

1974-ல் தீப்பிடித்த பிறகு கேரண்டி கட்டிடத்தையும் இடித்துவிடுவதாகத்தான் இருந்தது. தப்பியது. ஜார்ஜ் போஸ்ட் 1893-ல் கட்டிய சேமிப்பு வங்கி தப்பவில்லை. 1968-ல் ஒரு வணிக வளாகத்துக்காக இடித்தார்கள். மையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஃபிராங்க் லாயிட் ரைட்டின் லார்கின் அலுவலகத்தை 1950-லேயே தரைமட்டமாக்கிவிட்டார்கள். அங்கே இன்று மிச்சமிருப்பது மதிலின் ஒற்றைத் தூண்.

உங்கள் கோபம் எதன்மீது என்று ஊகிக்க முடிகிறது. மெயின் தெருவின் தென்முனையில் கால் பரப்பி நிற்கும் அந்தக் கோபுரம், சுமார் 40 தளம். இன்றைய பெயர் செனக்கா ஒன். எழுபதுகளின் தொடக்கத்தில் அது எழுந்தது. அதை வடிவமைத்த நிறுவனத்தின் கோர்டன் பன்ஷாஃப்ட் பஃபலோவிலேயே பிறந்தவர், பிற்பாடு கட்டிடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். ரசனை இல்லாதவர் என்று அவரைச் சொல்லமுடியாது. என் புகார் கான்கிரீட் பற்றியது அல்ல. ஊரின் தலையாய தெரு ஏரிப் பக்கமாகப் போகிறது. அந்தத் தெருவின் மேலேயே உட்கார்ந்து பார்வையை அடைத்துவிட்டார்கள். அத்தனை தளங்களையும் ஒரே வங்கியை நம்பி எழுப்பினார்கள். 2013-ல் வங்கி கிளம்பியதும் கோபுரம் ஏறத்தாழ முழுவதும் காலியானது.

அதே தெருவில் மினோரு யமசாகி 1966-ல் கட்டிய எம் அண்ட் டி வங்கியைக் கவனித்தீர்களா? அதுவும் பெட்டிதான். ஆனால் வெள்ளையாக, மெலிந்த தூண்களோடு, முன்னால் ஒரு முற்றத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறது. கோடையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அங்கே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டிடம் எந்த ஆண்டில் வந்தது என்பதைவிட, கீழே நடந்து போகிறவனை அது மதிக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ரசனையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1950-ல் 5,80,000 பேர் இருந்த ஊர், 2010-ல் 2,61,000. ஆட்கள் போனார்கள், கடைகள் போயின, இடித்த இடத்தில் கட்ட யாரும் வரவில்லை. வந்தவை கார்கள்.

அடுத்த முறை போகும்போது 1931-ல் கட்டிய நகரசபைக் கட்டிடத்தின் 28-வது தளத்துக்கு ஏறுங்கள். லிஃப்ட் 25 வரைதான், மீதி படிக்கட்டு, கட்டணம் இல்லை. 1804-ல் ஜோசப் எலிகாட் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வரைந்த தெருக்கள் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். ஆரக்கால்களுக்கு நடுவே எத்தனை கார் நிறுத்துமிடங்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். நான் பாதியில் விட்டுவிட்டேன்.