மாலத்தீவில் தனித்தீவு ரிசார்ட்டில் தங்க ஏன் இவ்வளவு செலவு?

வெறும் அறை வாடகை என்று பார்த்தால் அந்த விலை புரியாது. மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-இல் தொடங்கியது. ஊரே இல்லாத தீவில் மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர் ஏற்பாடு, ஊழியர்களுக்குத் தங்குமிடம் என எல்லாவற்றையும் ரிசார்ட்டே அமைத்துக்கொள்ள வேண்டும். பவளத்தீவு மணலில் பெரிதாக விவசாயமும் நடக்காது. மீனை விட்டால் சாப்பாட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

விளம்பரத்தில் போட்ட தொகையோடு பில் நிற்காது என்பதுதான் எரிச்சல். வழக்கமான 10% சேவைக் கட்டணம், 2025 ஜூலை முதல் 17% சுற்றுலாச் சரக்கு சேவை வரி, தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி எல்லாம் சேரும்.

அப்புறம் போக்குவரத்து. தூரத்துத் தீவு என்றால் கடல்விமானம். அது பகலில் மட்டுமே பறக்கும். இருட்டிய பிறகு தலைநகர் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதுதான், அது தனிச் செலவு. முதல்முறை போகிறவர்களுக்கு ஸ்பீட்போட்டில் போகக்கூடிய தீவே போதும் என்பேன். நீர்மேல் வில்லா கிடைக்குமா என்பதைவிட, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறை பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.