ஷிப்ட் வேலைக்கு நடுவே தினமும் ஜெபிக்க முடியுமா?

விடியுமுன் பேக்டரி பஸ் பிடிக்கிறவருக்குத் தினசரி ஜெபம் அவ்வளவு அவசியமா, எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊராகத்தான் இருக்கும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியவர்களின் பிள்ளைகள் இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலிருந்து ஷிப்டுக்கு ஓடுகிறார்கள்.

ஜெபம் அவசியம்தான், ஆனால் ஒரு மணி நேரம் வேண்டியதில்லை. உபவாசக் கூட்டத்தில் உருகிவிட்டு, மறுநாளிலிருந்து நாலு மணிக்கு எழுவேன் என்று தீர்மானம் எடுப்பார்கள். ஒரு வாரம் ஓடும். ஓவர்டைம் வந்ததும் நின்றுவிடும். பிறகு குற்ற உணர்விலேயே ஜெபத்தின் பக்கம் போகமாட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். எழுந்ததும், கைப்பேசியைத் தொடுமுன், இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபம்: நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான். அடுத்து வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம். தினம் ஒன்று என்றால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் முடியும். 119-இல்தான் பலர் கழன்றுகொள்வார்கள், அதற்கு 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதியாகவே எழுதப்பட்டது, ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். கடைசியாக அன்று செய்யப்போகிற வேலை, பார்க்கப்போகிற ஆள், கட்டவேண்டிய கடன், இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “எல்லாரையும் ஆசீர்வதியும்” என்பதில் யாருமே இல்லை.

சொந்த வார்த்தை வராத நாளும் உண்டு. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற போதனைப் புத்தகம் பரமண்டல ஜெபத்தை ஏழு விண்ணப்பமாகப் பிரிக்கிறது. ஏழு நாளுக்கு ஏழு. ஞாயிறு நாமம், திங்கள் ராஜ்யம், செவ்வாய் சித்தம், புதன் ஆகாரம், வியாழன் மன்னிப்பு, வெள்ளி சோதனை, சனி தீமை. புதன்கிழமை “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்ற இடத்தில் நின்று, சம்பளம், அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று விரித்தால் ஜெபம் தானாக வரும். அதே புத்தகம் இரவு ஜெபம் முடிந்ததும் உடனே மகிழ்ச்சியோடு தூங்கப் போகச் சொல்கிறது. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் படுக்கிறவர்கள் படுத்துத் தூங்குவதைப் பற்றிய நாலாம் சங்கீதத்தை அப்போதே சொல்லலாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததும் உண்டு, இராமுழுதும் ஜெபித்ததும் உண்டு.

எழுதிவைத்த ஜெபம் கடமைக்குச் செய்வது என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது மத்தேயு 6:7-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்ற அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளித்தான் பரமண்டல ஜெபமே தொடங்குகிறது. சொந்த வார்த்தையில் ஜெபிக்கிற பெந்தெகொஸ்தே சகோதரர்களை நான் குறை சொல்லவில்லை. கத்தோலிக்கராக இருந்தால் ஜெபமாலையின் ஐந்து பத்துகளையும் (பத்துமணிப் பகுதிகளையும்) ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஒரு பத்து, ரெஸ்ட் நேரத்தில் ஒன்று என்று பிரித்துச் சொல்லலாம்.

குடும்ப ஜெபத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, ஆளுக்கு இரண்டு வசனம், ஒருவர் ஜெபம், எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மலாய்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளை தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தால் பொறுங்கள், பல வீடுகளில் அது தமிழ் வாசிக்கிற ஒரே இடம். இதைக் கெடுப்பது பெரும்பாலும் அப்பாக்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளை எந்நேரமும் கைப்பேசியோடு இருக்கிறானே” என்று மகனைத் திட்டுவார்கள். அவன் அடுத்த நாள் ஏழரைக்கே தூங்கிவிட்டதாக நடிப்பான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். “ஜெபக்குறிப்பு” என்ற பெயரில் வாட்சாப் குழுவில் ஊர் வம்பு ஓடுகிறது. இன்னார் மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், ஜெபியுங்கள் என்று போட்டால், ஜெபிப்பவர் நாலு பேர், போன் போட்டு விசாரிப்பவர் நாற்பது பேர். சின்ன ஊரில் பெயரை மறைத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எதையும் போடாதீர்கள். “ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்” என்றால் ஆண்டவருக்கு முகவரி தெரியும். வீட்டு ஜெபக்கூட்டம் பிரியாணிப் போட்டியானதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

உபவாசம் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்க்கு) மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவே கூடாது. மருந்து போட்டுவிட்டு வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை இறங்கும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே சீனி கலந்த தண்ணீர் குடித்து உபவாசத்தை முடித்துவிடுங்கள். விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு வாரம் டிவி நாடகத்தை விட்டு, அந்த நேரத்தில் ஜெபிக்கலாம்.