கல்வி கேள்வி–பதில்: கறுப்பினத்தவருக்காகத் தோன்றிய கல்லூரியில் எங்கள் பெண் சேரலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் தொகுத்து இங்கே பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில் ‘எச்.பி.சி.யு.’ என்று சுருக்கமாக வழங்கப்படும், கறுப்பின மக்களின் கல்விக்காகத் தோன்றிய கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும்தான் அந்தப் பொருள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பை முடிக்கப்போகும் எங்கள் மகள் ஸ்பெல்மன் கல்லூரிக்கு விண்ணப்பித்தே தீருவேன் என்கிறாள். அவள் இங்கேயே பிறந்தவள். நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து வந்தவர்கள். அது கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி ஆயிற்றே, நம் பெண்ணைச் சேர்ப்பார்களா? சேர்த்தாலும் அது இன்னொரு பெண்ணின் இடத்தைப் பறித்ததாகிவிடாதா? உறவினர்களோ, “அங்கே போய் எதற்கு?” என்கிறார்கள்.
— ஒரு தாய், அட்லாண்டா

விண்ணப்பிக்கலாம், தடை எதுவும் இல்லை. நம் ஊர் இடஒதுக்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் ஒரு கல்லூரியை இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பார்ப்பது அதன் பிறப்பையும் நோக்கத்தையும்தான்: அது 1964க்கு முன் தொடங்கப்பட்டிருக்க வேண்டும், கறுப்பின அமெரிக்கர்களின் கல்வியே அன்றும் இன்றும் அதன் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும், உரிய தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். இன்ன இனத்தவர் மட்டுமே படிக்கலாம் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அரசு நிதி பெறும் எந்தக் கல்லூரியும் இனம் பார்த்து மாணவரை விலக்கக்கூடாது என்பது 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். மேலும், சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாக எடை போடக்கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இந்தக் கல்லூரிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ நான்கு மாணவரில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லாதவர். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளையர்களே பெரும்பான்மை.

ஆனால் உங்கள் மகள் கேட்பது ஸ்பெல்மனை. அங்கே நிலைமை வேறு. கிட்டத்தட்ட எல்லா மாணவிகளும் கறுப்பினப் பெண்களாகவே இருக்கும் வகுப்பறையில் அவள் உட்காருவாள். அதை அவள் அறிந்தே கேட்கிறாளா என்பதை, குறுக்கு விசாரணை போல அல்லாமல், சாவகாசமாக ஒரு மாலைப்பொழுதில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். 1881இல் சோஃபியா பேக்கர்ட், ஹாரியட் கைல்ஸ் என்னும் இரண்டு ஆசிரியைகள் அட்லாண்டாவின் ஃபிரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் பதினோரு மாணவிகளை வைத்துக்கொண்டு தொடங்கிய பள்ளி அது. அந்த மாணவிகளில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். இந்தக் கதை தன்னுடைய கதை இல்லை என்று தெரிந்தும், அதை மதித்து நான்கு ஆண்டுகள் அதனோடு வாழ விரும்பும் பெண் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டால் இருக்கட்டுமே என்று விண்ணப்பிப்பவரைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை.

உறவினர்களின் கேள்விக்கும் ஒரு வார்த்தை. “அங்கே எதற்கு?” என்பது பெரும்பாலும் கல்வித்தரம் பற்றிய கேள்வியாக இருப்பதில்லை. நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் பேச்சு என்னவென்று நமக்கே தெரியும். அதற்குக் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தைக் காட்டிப் பதில் சொல்ல முயல வேண்டாம்.

கேள்வி: இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும்போது, இப்படித் தனிப் பல்கலைக்கழகங்கள் இன்னும் எதற்கு?
— ஒரு கல்லூரி மாணவர், பால்டிமோர்

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டே பதில் சொல்லலாம். பால்டிமோரில் பிறந்த தர்குட் மார்ஷலுக்குச் சட்டம் படிக்க ஆசை. வீட்டுக்கு அருகிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தும், கறுப்பினத்தவரை அது சேர்ப்பதில்லை என்பதால், அவர் நாள்தோறும் ரயிலேறி வாஷிங்டனுக்குப் போய் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். கட்டணம் கட்டுவதற்காக, ஆசிரியையான அவருடைய தாய் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். பிள்ளையின் படிப்புக்காக அடகுக்கடைப் படி ஏறிய தாய்மார்களை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1933இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறிய மார்ஷல், தம் ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனுடன் சேர்ந்து அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியின் மேல் வழக்குத் தொடுத்து, டொனால்ட் மரே என்ற கறுப்பின மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் வாதாடிப் பெற்று, 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஆக, மற்ற கதவுகள் திறந்ததே இந்தப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்களால்தான். கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்து, பரிமாற மறுத்த பின்னும் எழுந்திருக்க மறுத்த நால்வரும் வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். கதவு திறந்த பிறகு அந்த வீட்டை மூடிவிடலாமே என்பது அங்கே படித்தவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். நடைமுறைக் காரணமும் இருக்கிறது. இன்றும் கறுப்பின மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோரில் கணிசமான பங்கினரை உருவாக்குபவை இவை. நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரி 1876 முதல் அந்தப் பணியைச் செய்துவருகிறது.

கேள்வி: விண்ணப்ப நடைமுறையையும் செலவையும் சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, ஜார்ஜியா

இளநிலைப் படிப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் ‘காமன் ஆப்’ தளத்திலேயே ஹோவர்ட், ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் ஆகியவையும் இருக்கின்றன. இதைத் தவிர ‘காமன் பிளாக் காலேஜ் அப்ளிகேஷன்’ என்று தனி விண்ணப்பம் ஒன்று உண்டு. அதில் ஒரே படிவம், ஒரே கட்டணம். அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அது போய்ச் சேரும். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதில் உறுப்பு இல்லை என்பதால், நீங்கள் விரும்பும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பல இடங்களில் கட்டாயம் இல்லை. எனினும் சில கல்லூரிகளில் உதவித்தொகை முடிவுக்கு அது பயன்படும்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் கல்லூரியா அரசுக் கல்லூரியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் இரண்டும் தனியார் கல்லூரிகள். ஆல்பனி ஸ்டேட், ஃபோர்ட் வேலி ஸ்டேட், சவன்னா ஸ்டேட் மூன்றும் உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால் ஜார்ஜியாவில் குடியிருப்பவருக்குக் கட்டணம் கணிசமாகக் குறையும். மாநிலத்தின் ‘ஹோப்’ உதவித்தொகை, தகுதியுள்ள தனியார் கல்லூரிகளுக்கும் ஓரளவு கிடைக்கும் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவிக்கான ‘ஃபாஃப்சா’ படிவத்தை நிரப்ப மறக்காதீர்கள். நம் வருமானத்துக்கு எதுவும் கிடைக்காது என்று தாமாகவே முடிவு செய்து அதை விட்டுவிடுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கும் அந்தப் படிவத்தைக் கேட்பதுண்டு.

கேள்வி: “ஏன் இந்தக் கல்லூரி?” என்ற கட்டுரைக்கு என் மகன் காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றி எழுதியிருக்கிறான். மோர்ஹவுஸுக்குப் பொருத்தமாக இருக்கும் அல்லவா?
— ஒரு தாய், நியூ ஜெர்சி

பொருத்தம்தான், ஆனால் பொத்தாம்பொதுவாக இருந்தால் பயன் இல்லை. கிங் 1948இல் மோர்ஹவுஸில் பட்டம் பெற்றவர். அவரையும் காந்தியையும் இணைக்கும் பத்தியை அந்தச் சேர்க்கை அலுவலர் எத்தனை முறை வாசித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இதே போன்ற ஒரு கட்டுரையை ஒரு மாணவர் என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். அதில் கிங் என்ற பெயரை எடுத்துவிட்டு மண்டேலா என்று போட்டாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியதும் அவர் தாமே சிரித்துவிட்டார். பிறகு அவர் எழுதி வந்தது, வாரந்தோறும் தம் ஊர் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றியும், அங்கே ஒரு கறுப்பினச் சிறுவன் “நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டபோது பதில் தெரியாமல் நின்றதைப் பற்றியும். அந்தக் கட்டுரையில் வேறு எவர் பெயரையும் போட முடியாது.

உங்கள் மகனுக்குக் காந்தியை விட மனமில்லை என்றால், உள்ளே போய்த் தேடச் சொல்லுங்கள். மோர்ஹவுஸின் தலைவராக நெடுங்காலம் இருந்து, கிங்கின் வழிகாட்டியுமான பெஞ்சமின் மேஸ், 1936ஆம் ஆண்டின் இறுதியில் வார்தாவில் காந்தியைச் சந்தித்தவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் காந்தியைச் சந்தித்த கறுப்பினக் கிறிஸ்தவப் போதகர் ஹோவர்ட் தர்மன் மோர்ஹவுஸில் படித்தவர். அப்போது ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இந்தியா வருமுன் தர்மன் கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசியபோது அங்கிருந்த ஒருவர், உங்கள் மக்களை அடிமைப்படுத்தியவர்களின் மதத்தை நீங்கள் ஏன் பின்பற்றுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குத் தர்மன் வாழ்நாள் முழுவதும் பதில் தேடினார். இதில் எந்த இடம் உங்கள் மகனை உறுத்துகிறது என்பதை அவன் எழுதினால், அது அவனுடைய கட்டுரை. நீங்கள் திருத்திக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: கமலா ஹாரிஸ் இத்தகைய பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது உண்மையா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

உண்மை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான அவர், 1986இல் ஹோவர்டில் அரசியல் அறிவியலும் பொருளியலும் படித்துப் பட்டம் பெற்றார்.

கேள்வி: கோவையில் பி.இ. முடித்திருக்கிறேன். முதுநிலைக்கு வட கரோலினா ஏ அண்ட் டி, மார்கன் ஸ்டேட், ஹோவர்ட் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பட்டங்களுக்கு மதிப்பு உண்டா? இந்திய மாணவருக்கு நடைமுறை என்ன?
— ஒரு பொறியியல் பட்டதாரி, கோயம்புத்தூர்

மதிப்பு உண்டு. ஏ அண்ட் டி இந்தப் பல்கலைக்கழகங்களிலேயே மாணவர் எண்ணிக்கையில் மிகப் பெரியது. அதன் பொறியியல் கல்லூரிக்கு நல்ல பெயர். ஹோவர்ட் 2025இல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தரம்பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டின் மிக உயர்ந்த ஆராய்ச்சிப் பிரிவில் இடம்பெற்றது. எந்தப் பல்கலைக்கழகமானாலும் தரச்சான்று நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி 2002இல் தரச்சான்றை இழந்து, அதை மீட்க இருபது ஆண்டுகள் ஆயின.

முதுநிலைக்கு மேலே சொன்ன பொது விண்ணப்பங்கள் உதவாது. பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புத் துறைக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை ஆகியவை தேவை. சில துறைகள் உங்கள் பட்டத்தை வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் மதிப்பிட்டு அனுப்பச் சொல்லும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முன்னதாகவே தொடங்குங்கள். இடம் கிடைத்த பின், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வரும். அது வந்தபின், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணமும் விசா நேர்காணலும். ஃபாஃப்சா உங்களுக்குப் பொருந்தாது. எனவே ஆராய்ச்சி உதவியாளர் பணி கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். “மதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கும் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாமல், ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு அவருக்கு மட்டும் எழுதுங்கள். விசா அலுவலர் “ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்கும்போதும் அந்தக் கட்டுரையைப் பற்றியே நீங்கள் பேசலாம்.