மேச்சேரி ஆடு: கேட்டதும் சொன்னதும்

குட்டி விற்பனைக்கு மேச்சேரி செம்மறி வளர்ப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். காங்கேயம் பக்கம் பட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராபுரத்திலிருந்து: அண்ணா, 5 ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) சும்மா கிடக்கிறது. எத்தனையோ இனம் இருக்க, மேச்சேரியையே ஏன் சொல்கிறீர்கள்?

கொறங்காடு இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் காரணம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் நாலு வெள்வேல மரமும் இருந்தால் இந்த ஆடு தன் பாட்டுக்கு மேய்ந்துகொள்ளும். உதிர்கிற வேலங்காயைத் தேடிப் பொறுக்கும். வெயில் தாங்கும். ரோமம் குட்டை, கத்தரிக்கிற வேலை கிடையாது. குட்டி எத்தனை வேகமாக எடை ஏறுகிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். தாய் வருடம் முழுக்கத் தின்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தாய்க்குச் செலவு குறைந்தால்தான் குட்டியில் காசு நிற்கும். மேச்சேரித் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனிப் பெயர் உண்டு என்பதும் உண்மை. ஆனால் உயிர் ஆடாக விற்கிற நமக்கு அந்தக் காசு தனியாக வராது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கரூரிலிருந்து: இரட்டைக் குட்டி போடுமா?

அபூர்வம். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி, பிறக்கும்போது 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரட்டைதான் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்துப் பல்டணில் உருவாக்கிய நாரி சுவர்ணா என்ற செம்மறி இருக்கிறது. வங்காளத்துக் கரோல் ஆட்டின் இரட்டைக் குட்டி மரபணுவை ஏற்றியது. சரி, இரண்டு குட்டிக்கும் பால் வேண்டுமே? காய்ந்த காட்டில் அது கைத்தீவனச் செலவு. நான் ஈற்று இடைவெளியைக் குறைக்கத்தான் பார்ப்பேன். சினைக்காலம் 5 மாதம். கிடா சேர்ப்பதற்கு 2, 3 வாரம் முன்பிருந்தே பெட்டைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிட்டுக் கலவை) வைத்து உடம்பைத் தேற்றினால் 2 வருடத்தில் 3 ஈற்று எடுக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து: சார், எங்களுடையது வயல் பக்கம். வாங்கலாமா?

வேண்டாம். ஈரத் தரையில் குளம்பு அழுகும். நத்தை இருக்கிற வாய்க்கால் ஓரம் மேய்ந்தால் ஈரல் புழு வேறு.

அந்தியூரிலிருந்து: சந்தையில் கலப்பு ஆட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் மேச்சேரி என்றால் வெளிர் பழுப்பு நிறம், குட்டை வால். கிடாவுக்கும் கொம்பு இருக்காது. கொம்போடு நின்றால் பேரமே பேசாதீர்கள். கிடாவை மட்டுமாவது சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருக்கிற மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 25 பெட்டைக்கு ஒன்று போதும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மகளையே சேரும்.

நாமக்கல்லிலிருந்து: தடுப்பூசி?

துள்ளுமாரிக்கு, அதாவது ஆட்டைத் திடீரென்று கொல்கிற குடல் நச்சு நோய்க்கு, மழைக்கு முன்பே போடுங்கள். ஒரு வருடம் நான் தள்ளிப்போட்டேன். முதல் மழைக்கு முளைத்த பசும்புல்லை வயிறு முட்டத் தின்ற கொழுத்த குட்டிகள்தான் முதலில் செத்தன, நோஞ்சான்கள் தப்பித்துக்கொண்டன.