இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வயதானவர்கள் எதைப் பார்த்து வாக்குப் போடுகிறார்கள்?

மட்டக்களப்பின் படுவான்கரையில் இருக்கும் எங்கள் அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து. ஆஸ்பத்திரியில் இல்லாத குளிசையை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். 2022இல் விலை ஏறியபோது ஒரு குளிசையை உடைத்து இரண்டு நாளைக்குப் போட்டவர் அவர். அதை மறந்துவிட்டா வாக்குப் போடுவார்?

அடுத்தது கைக்காசு. ஓய்வூதியம் எடுப்பவர்கள் சம்பள முரண்பாட்டை, அதாவது ஒரே பதவியில் முன்பு ஓய்வு பெற்றவருக்கும் பின்பு பெற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுவார்கள். வங்கியில் வைப்புப் போட்டவர்களுக்கு வட்டிதான் பேச்சு; 60 தாண்டியவர்களுக்கு 2015இல் வந்த 15 வீத வட்டியை நினைத்து இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். வயல்காரர்களுக்கு 2021 இரசாயன உரத் தடையின் சூடு ஆறவில்லை, யானை வேலியும் அவர்கள் கணக்கில் உண்டு. காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கோ இதெல்லாம் பிறகுதான்.

அப்புறம், 2024இல் 38 பேர் போட்டி. வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கும் நீளம். கண் மங்கியவர்கள் சின்னத்தைத்தான் தேடுவார்கள். மூன்று பேர் வரைக்கும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி விருப்பு வாக்கும் போடலாம் என்று அம்மம்மாவுக்கு விளக்கினேன். “ஒருத்தரையே நம்ப ஏலாமக் கிடக்கு, மூணு பேரை எங்க தேடுற?” என்றார்.