ஷார்ஜாவில் இறங்கி டெய்ராவுக்குப் போக

கண்ணு, உன் கேள்வியை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள். ஆகஸ்டில் துபாயில் அல் கிசைஸில் ஒரு கிளினிக்கில் உனக்கு நர்ஸ் வேலைக்கு நேர்முகம். ஐந்து இரவு உன் சொந்தக் காசில் தங்கணும். அதே துபாயில், டெய்ராவில் நைஃப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை பிடித்து வைத்திருக்கிறாய், இன்னும் பணம் கட்டவில்லை. டிக்கெட் இரண்டு பார்த்திருக்கிறாய். ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா, ஞாயிறு காலை 7 மணிக்கு இறங்குகிறது. இன்னொன்று நெடும்பாசேரியிலிருந்து, அதாவது கொச்சி விமான நிலையத்திலிருந்து துபாய், ஞாயிறு அதிகாலை 2:30. நெடும்பாசேரி டிக்கெட் 2,200 ரூபாய் கூடுதல். "துபாயில் இறங்கினால் மெட்ரோ இருக்கு, மிச்சமாகும்ல அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

உன் ராத்திரிக்கு மிச்சமாகாது. மெட்ரோ ராத்திரி ஓடுவதில்லை. மற்ற நாளில் காலை 5 மணிக்கு முதல் வண்டி, ஞாயிறு மட்டும் 8 மணிக்குத்தான். நீ இறங்குவது ஞாயிறு 2:30. ஐந்தரை மணி நேரம் விமான நிலையத்தில் உட்காரணும், இல்லாவிட்டால் டாக்சி. துபாய் விமான நிலையத்தில் ஏறும் டாக்சிக்கு மீட்டரே 25 திர்ஹாமில்தான் தொடங்கும். டெய்ரா பக்கம்தான் என்றாலும் இறங்கும்போது 40ஐ ஒட்டி நிற்கும். திர்ஹாமுக்கு ஏறக்குறைய 24 ரூபாய் என்று வைத்துக்கொள், ஆயிரம் ரூபாய் ஆச்சு. அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் ஓட்டலில் அறைச் சாவியை மதியம் 2 மணிக்கு முன் தர வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஊர்ப் பக்கத்துக் கணக்கையும் பார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக உக்கடம், அங்கிருந்து பீளமேடு விமான நிலையம். பஸ்ஸிலேயே போய்விடலாம். விமானம் விடியுமுன்னே என்பதால் முந்தின நாள் பொழுதோடு போய் உள்ளே உட்கார்ந்துகொள். நெடும்பாசேரி என்றால் ஒலவக்கோடு, அதாவது பாலக்காடு ஜங்ஷன் வரை போய், ரயில் பிடித்து ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கி, மறுபடி ஒரு வண்டி. ராத்திரி விமானத்துக்கு உன்னை ஒற்றையாக அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், கார் பிடிப்பார். அந்தக் கார் வாடகையை நீ எழுதின கணக்கில் காணோம்.

அதனால் ஷார்ஜா டிக்கெட்டையே எடு. ஆனால் வெளியே வந்ததும் டாக்சியில் ஏறி "டெய்ரா" என்று சொல்லிவிடாதே. எமிரேட் என்றால் நம்மூர் மாநிலம் மாதிரி, ஒரு எமிரேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறாய், 80லிருந்து 100 திர்ஹாம் வரை எடுத்து வைக்கணும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 2,200 அதிலேயே போய்விடும்.

ஷார்ஜா விமான நிலையத்தில் மெட்ரோ கிடையாது, டவுன் பஸ் இருக்கு. அல் ஜுபைல் பஸ் நிலையம் போகிற வண்டியைக் கேட்டு ஏறு. இது ஷார்ஜா நிர்வாகத்து பஸ், துபாயில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் வைத்திருக்கிற நோல் என்ற பயண அட்டை இதில் செல்லும் என்று நம்பி ஏறாதே. ஐந்து, பத்து திர்ஹாம் நோட்டுகளாகச் சில்லறை வைத்துக்கொள். பணம் மாற்றும்போதே கேட்டு வாங்கு. அல் ஜுபைலில் இறங்கி ஈ 303 என்ற துபாய் பஸ்ஸைப் பிடி, நேராக டெய்ராவில் யூனியன் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் போகும். பத்துப் பன்னிரண்டு திர்ஹாம் ஆகும். ஈ 307ம் அங்கே நிற்கும், அது டெய்ரா சிட்டி சென்டர் போவது, அதில் ஏறிவிடாதே. இந்த ரோட்டில் வேலை நாள் காலையில் நெரிசல் தாங்காது, ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேர். 2022 ஜனவரியிலிருந்து இங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு. அதனால் நீ வருகிற காலையில் ரோடு காலியாகத்தான் இருக்கும்.

பெட்டி இரண்டு இருந்தால், விமான நிலையத்திலிருந்து அல் ஜுபைல் வரை மட்டும் டாக்சி, அப்புறம் பஸ் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. டெய்ரா வரை போவதில் பாதிதான் ஆகும்.

இப்போது ஓட்டல். விலையை முதலில் பார்த்துவிட்டாய், ஸ்டேஷன் எங்கே என்று பார்க்கவில்லை. வரைபடத்தில் பன்னிரண்டு நிமிட நடை என்று காட்டுவது ஆகஸ்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் வேறு கதை. பாலக்காட்டு வெயிலில் வளர்ந்த உடம்புதான், ஆனாலும் இந்த வெயிலில் கடலோரப் புழுக்கமும் சேர்ந்திருக்கும், காலை 9 மணிக்கே மூச்சு முட்டும். யூனியனிலிருந்தோ பனியாஸ் ஸ்குயரிலிருந்தோ ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிற அறையாகத் தேடு. ஒரு ராத்திரிக்கு 15 திர்ஹாம் கூட ஆனாலும் சரி. அந்த இரண்டு ஸ்டேஷனும் மெட்ரோவின் பச்சை லைனில் அடுத்தடுத்து இருக்கின்றன. நேர்முகத்துக்கு அல் கிசைஸ் போவதும் அதே பச்சை லைன்தான், மாறி ஏற வேண்டாம். காலையில் புடவை கசங்காமல், வியர்க்காமல் போய் உட்காரலாம். நான் இவ்வளவு சொல்வது அந்தக் காலைக்காகத்தான்.

யூனியனில் இறங்கியதும் நோல் சில்வர் அட்டை வாங்கு. 25 திர்ஹாம், அதில் 19 உன் பயணத்துக்கு. ஒரு கட்டண மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், பக்கத்து மண்டலம் வரை 5, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 7.50. சிவப்புக் காகிதச் சீட்டும் உண்டு, அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு திர்ஹாம் கூட, மெட்ரோவுக்கு எடுத்தால் பஸ்ஸுக்கு ஆகாது. ஐந்து நாளுக்கு சில்வர்தான் கணக்குக்குச் சரி. நாள் முழுக்கச் சுற்ற 20 திர்ஹாம் பாஸ் இருக்கு, நீ சுற்றுலா வரவில்லை, விட்டுவிடு. நம்மூர் மாதிரி வந்து சீட்டுக் கிழிக்கக் கண்டக்டர் கிடையாது. ஏறும்போதும் அட்டையைத் தட்டணும், இறங்கும்போதும் மறக்காமல் தட்டணும்.

மெட்ரோ வண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி இருக்கு, பிளாட்பாரத்திலேயே குறித்திருப்பார்கள், அங்கேயே நில். ஆண்கள் ஏறினால் 100 திர்ஹாம் அபராதம். உள்ளே தின்றாலும் குடித்தாலும் அதே 100. தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்காதே. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கை ஓட்டலில் போய்ப் பிரி. பெட்டிக்கும் அளவு உண்டு. பெரியது ஒன்று 81க்கு 58க்கு 30 சென்டிமீட்டருக்குள், சின்னது ஒன்று 55க்கு 38க்கு 20க்குள். கயிறு கட்டின அட்டைப்பெட்டி எதையும் யார் கொடுத்தாலும் வாங்கி வராதே.

அந்த நெடும்பாசேரி டிக்கெட்டையே எடுக்க நேர்ந்தால் எந்த டெர்மினல் என்று பார். 1லும் 3லும் மெட்ரோ வாசலிலேயே இருக்கு, சிவப்பு லைனில் கொஞ்ச நேரத்தில் யூனியன். டெர்மினல் 2 என்றால் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், அங்கே மெட்ரோ இல்லை.

ஒன்று மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. எல்லைக்காரிகளான நமக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். இங்கே அது பெரிய சொத்து. பஸ் நிலையத்தில், மருந்துக் கடையில், சாயாக் கடையில் "சேட்டா, யூனியன் பஸ் எவிடெயா?" என்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிற மாதிரி வழி சொல்வார்கள். நான் வந்த புதிதில் அந்த நம்பிக்கையில்தான் ஏமாந்தேன். 2012ல், விடியாத நேரம். வெளியே வந்ததும் ஒருவர் "மோளே, எங்கோட்டா?" என்று நல்ல பாலக்காட்டு மலையாளத்தில் கேட்டார். ஊர்க்குரல் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே போனேன். மீட்டர் இல்லாத சொந்தக் கார். டெய்ராவில் இறக்கிவிட்டு 150 திர்ஹாம் வாங்கினார். கையில் இருந்ததில் பாதி. பணம் போனதைவிட, கேட்காமலே நம்பினோமே என்றுதான் பல நாள் உறுத்தியது. நீயாகப் போய்க் கேட்கிற ஆளிடம் எந்த மொழியிலும் பேசு. உன்னைத் தேடி வந்து பெட்டியில் கை வைக்கிற ஆளிடம் எந்த மொழியிலும் பேசாதே. டாக்சி என்றால் வரிசையில் நின்று, மீட்டர் ஓடுகிற வண்டி. துபாயில் பெண்கள் ஓட்டுகிற, ரோஸ் நிறக் கூரை போட்ட டாக்சியும் உண்டு, பெண்களுக்கென்றே.

உன்னை அழைக்க நானே வந்திருப்பேன். அந்த ஞாயிறு எனக்குப் பகல் டியூட்டி, மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வைத்துக்கொள். ஈ 303ல் ஏறி உட்கார்ந்ததும் ஒரு செய்தி போடு, நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நாலு மணிக்கு ஓட்டலுக்குச் சோறு கொண்டு வருகிறேன். ஓட்டலை மாற்றினால் பெயரை இன்றைக்கே எழுது.