‘வேறொன்றுமில்லை’ என்று சொன்னது யார்?

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. வயதுக்கு வந்த மறு வருடத்திலிருந்தே மாதவிடாய் என்றால் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவாள். வலி எல்லை மீறினால் மட்டும் மாத்திரை கொடுப்பேன், அதுவும் பாதி. இரண்டு முறை வயிற்று ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். அந்த நாட்களில் காலையில் பாத்ரூம் போனால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள், உள்ளே அழுகிற சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் அந்தத் தொல்லை கிடையாது. ‘வேறு ஏதாவது உண்டா?’ என்று டாக்டர் கேட்டார். இதைப்போய் எப்படிச் சொல்வது என்று ‘வேறொன்றுமில்லை’ என்று நானே சொல்லிவிட்டேன். அவள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தது, பிள்ளை பிறந்ததும் குறைந்தது. எச்சிலை வைத்தே கண்டுபிடிக்கும் டெஸ்ட் வந்திருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். அது கைக்கு எட்டும்வரை பொறுக்கலாமா? இல்லை, கல்யாணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாமா?

பதில்: அம்மா, இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை வந்துவிட்டது. ஸ்கேன் நார்மல், எனக்கும் இப்படித்தான், கல்யாணம் செய்தால் சரியாகுமா: இந்த மூன்றும் மாறுவதே இல்லை. ‘கவலைப்படாதீர்கள்’ என்று இங்கே எழுதினால் நீங்கள் இன்னும் ஒரு வருடம் சும்மா இருப்பீர்கள். அதனால் எழுதவில்லை.

போகிற போக்கில் பாத்ரூம் அழுகையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த நான்கு வரிதான். அதைத்தான் டாக்டரிடம் மறைத்திருக்கிறீர்கள்.

கருப்பைக்குப் பின்னால் மலக்குடல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். கருப்பையின் உள்வரிப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே படிந்து வளர்வதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். அது விரும்பிப் படியும் இடங்களில் ஒன்று இந்தப் பள்ளம். பள்ளத்தின் அடியிலும், கருப்பையைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநார்களிலும், சிலருக்கு மலக்குடலின் சுவரிலுமே அது வேர்விடும். ஒவ்வொரு மாதமும் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்தத் திசுவும் வீங்கும், கசியும், சுற்றியிருப்பதைப் புண்ணாக்கும், நாளடைவில் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அந்த நாட்களில் மலம் இறங்கினால் புண்ணான இடத்தை அழுத்திக்கொண்டுதான் இறங்கும். அதனால்தான் மாதவிடாய் நாளில் மட்டும் உயிர்போகிற வலி, மற்ற நாளில் ஒன்றும் இல்லை.

மாதவிடாயின்போது வயிறு இளகிப் போவதும் லேசாக வலிப்பதும் பல பெண்களுக்கு உண்டு, அதற்கு யாரும் மிரள வேண்டாம். அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது அந்தக் கணக்கில் சேராது. உங்கள் மகளுக்கு இந்த நோய்தான் என்று கடிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டர் தேடவேண்டிய இடம் எது என்பதை மட்டும் அந்த நான்கு வரி விரல் நீட்டிக் காட்டுகிறது. டாக்டர் வாய்விட்டுக் கேட்டும் நீங்கள் அந்த விரலை மடக்கிவிட்டீர்கள்.

இந்த இடம் மருத்துவத்துக்குப் புதிதா என்றால், இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டாக்டர் தாமஸ் கல்லன் 1920இல் வெளியிட்ட கட்டுரையில், கருப்பைத் திசு உடம்பில் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று வரிசைப்படுத்தினார். மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட இடம் அந்த வரிசையில் இருக்கிறது. மறு வருடமே இன்னொரு அமெரிக்க டாக்டர் ஜான் சாம்சன், சினைப்பையில் பழைய உதிரம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’களை விவரித்தார். உதிரம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் வழிந்து அங்கே முளைக்கிறது என்ற விளக்கத்தை 1927இல் முன்வைத்தவரும் அவரே. இந்தப் பின்வழிவு பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, சிலருக்கு மட்டும் ஏன் முளைக்கிறது என்பதைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் கத்தியோடு தேடிக் குறித்துவைத்த இடத்தை, இன்று ஒரு தாய் வெட்கப்பட்டு மூடுகிறாள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பிள்ளைபெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. வலி தொடங்கிப் பெயர் தெரிவதற்குப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. அந்தத் தாமதத்தில் மருத்துவர்களின் பங்கு பெரிது. வீட்டின் பங்கும் சின்னதல்ல.

‘ஸ்கேன் நார்மல்’ என்கிறீர்கள். எந்த ஸ்கேன்? வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது சினைப்பையில் பெரிய கட்டி இருந்தால் காட்டும். நான் சொன்ன பள்ளத்தை அங்கிருந்து ஒழுங்காகப் பார்க்க முடியாது. இதைத் தேடுவதற்கென்றே 2016இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி நான்கு படி வகுத்தார்கள். கருப்பையையும் சினைப்பைகளையும் பார்ப்பது முதல் படி. கருவியால் மெல்ல அழுத்தி எங்கே வலிக்கிறது, சினைப்பை அசைகிறதா ஒட்டிக்கிடக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. கருப்பையின் மேல் மலக்குடல் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா என்பது மூன்றாவது. நகராவிட்டால் பள்ளம் ஒட்டிப்போயிருக்கிறது என்று அர்த்தம். முன்புறம் சிறுநீர்ப்பையிலும் பின்புறம் மலக்குடல், தசைநார்களிலும் முடிச்சு முடிச்சாகத் தேடுவது நான்காவது. இது யோனி வழியாகச் செய்யும் ஸ்கேன். உங்கள் மகளுக்கு அது சரிப்படாது என்றால் ஆசனவாய் வழியாகப் பார்க்கலாம், இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். சீட்டில் வெறுமனே ‘இடுப்பு எம்.ஆர்.ஐ.’ என்று இருந்தால் போதாது. எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மலக்குடலையும் பார்க்கவும் என்று எழுதச் சொல்லுங்கள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் படம் பார்ப்பவர் கண்ணில் அது தட்டாமலே போகும். இத்தனைக்குப் பிறகும் படம் சுத்தமாக வரலாம். வயிற்றின் உள்ளுறையில் மெலிதாகப் படிந்திருப்பதை ஸ்கேன் பெரும்பாலும் காட்டுவதில்லை. அதிலும் இளம் பெண்களுக்கு அந்தப் புள்ளிகள் கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ நிறமே இல்லாமலோ இருக்கும், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் நேரே பார்ப்பவரே தவறவிடுவதுண்டு.

அந்தப் பாதி மாத்திரைக்கு வருவோம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர், மாதவிடாய் உதிரத்திலேயே தசையை இறுக்கிச் சுருக்கும் ஒரு பொருள் இருப்பதை 1957இல் காட்டினார். பின்னால் அது புரோஸ்டாகிளாண்டின் என்று தெளிவாயிற்று. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் நிறுவினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். இதில் உங்களுக்கு வேண்டிய சங்கதி: மாத்திரை உற்பத்தியைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே ஊறிவிட்டதை அள்ளி வெளியே கொட்டாது. வலி உச்சிக்கு ஏறியபின் பாதி கொடுத்துவிட்டு ‘மாத்திரையும் கேட்கவில்லை’ என்றால் எப்படிக் கேட்கும்? வயது வந்தவருக்கு ஐபுபுரூஃபென் என்றால் 400 மில்லிகிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மெஃபனமிக் ஆசிட் என்றால் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று முறை. இரண்டில் ஒன்று மட்டும், சாப்பிட்டபின், உதிரப்போக்கு தொடங்கும்போதே அல்லது முந்தின நாளே ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இந்த மாத்திரைகளால் கிளம்பும் ஆஸ்துமா இருந்தால் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்கட்டும். மூன்று மாதம் முறையாக எடுத்தும் அடங்கவில்லை என்றால் அதுவே டாக்டருக்கு ஒரு தகவல்.

அடுத்த படி ஹார்மோன். உறுதியாகத் தெரிந்தபின்தான் சிகிச்சை என்ற காலம் போய்விட்டது. லேப்ராஸ்கோபிதான் முடிந்த முடிவு என்ற நிலையைக் கைவிட்டு, படம் தெளிவாக இல்லாதவர்களுக்கும் மருந்து கேட்காதவர்களுக்கும் அதை ஒதுக்கிவைத்தது, மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சந்தேகம் வலுவாக இருந்தாலே மருந்து தொடங்கலாம். டயனோஜெஸ்ட் என்றால் தினம் 2 மில்லிகிராம், ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். முதல் சில மாதம் திட்டுத் திட்டாக உதிரம் பட்டுக்கொண்டே இருக்கும். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பல வீடுகளில் நிறுத்திவிடுவது அங்கேதான், மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில். மனச்சோர்வு தெரிந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். இன்னொரு வழி கருத்தடை மாத்திரை. கண்ணுக்கு முன் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலியோ ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்தது கூடாது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அட்டையில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பது அவள் குடலுக்குத் தெரியாது. நிறுத்தியபின் கருத்தரிப்பதை அது கெடுப்பதும் இல்லை.

அறுவைச் சிகிச்சை என்று பேச்சு வந்தால், ‘உள்ளே பார்த்துவிட்டு வருவோம்’ என்பவரிடம் போகாதீர்கள். பார்த்தால் அப்போதே வெட்டியெடுக்கத் தெரிந்தவர் வேண்டும். மலக்குடலில் இருந்தால் குடல் அறுவை நிபுணரும் கூட நிற்கவேண்டும். சினைப்பைக் கட்டியை எடுக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போகும் என்பதால், அதற்குமுன் முட்டைகளின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்வதைப் பற்றிக் கேளுங்கள்.

கல்யாணமா? அதே 2022 வழிகாட்டுதல், இந்த நோய்க்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நின்றிருப்பதால் சிலருக்கு வலி ஓய்கிறது, பிறகு பலருக்குத் திரும்புகிறது. போதாததற்கு, இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்குக் கருத்தரிப்பதே தள்ளிப்போகும். வலியை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ‘இன்னும் ஒன்றுமில்லையா’ என்று அவளையே கேட்கும் குடும்பங்களை எனக்குப் பிடிக்காது. கல்யாணம் அவள் விரும்பும்போது நடக்கட்டும். சிகிச்சைக்கு அதைச் சீட்டாக எழுதவேண்டாம்.

அந்த உமிழ்நீர்ப் பரிசோதனை பிரான்சில் உருவானது. எச்சிலில் உள்ள 109 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை, அதாவது மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறுகளை, அளந்து பார்க்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அது இருக்கிறது, இல்லை என்று சொல்லுமே தவிர எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாது. அதை எழுதிக்கொடுக்கவும் முதலில் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வரவேண்டும், நீங்கள்தான் அதை வரவிடவில்லையே. பொறுத்திருக்கத் தேவையில்லை. சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையை நம்பியும் போகாதீர்கள். நோய் இருக்கும்போதே நார்மல் காட்டும், இல்லாதபோது ஏறியும் காட்டும்.

‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைச் சார்ந்தது என்று தெரிந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் 2023இல் வெளியான ஆய்வு, 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் குறித்தது. ஆகவே உங்கள் இளவயது வலியும் மகளின் நோய்க் குறிப்பில் எழுதவேண்டிய ஒரு வரி. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தது பெரிய காரியம்தான். அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக்கொடுங்கள். சுழற்சியின் எத்தனையாம் நாள், வலி பத்துக்கு எத்தனை, எங்கே, மலம் போகும்போது எவ்வளவு, சிறுநீர் போகும்போது எவ்வளவு, மலத்தில் ரத்தம் உண்டா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை நாள் வகுப்போ வேலையோ போயிற்று. இரண்டு சுழற்சி எழுதினால் போதும். அவளே எழுதட்டும், நீங்கள் திருத்தவேண்டாம். மலத்தில் ரத்தம் போனாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ நோட்டு நிரம்பும்வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். இன்று இரவே அவள் அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். மகள் மாதம் இரண்டு நாள் எழுந்திருக்காத வீட்டில், ஏன் என்று தெரியாமல் ஒரு தகப்பன் நடமாடுவது எனக்குச் சம்மதமில்லை.

டாக்டர் அறைக்குள் அவள் தனியே போகட்டும். நோட்டின் முதல் பக்கத்தில், ‘மாதவிடாய் நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது அழுமளவு வலிக்கிறது’ என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். கூப்பிட்டால் உள்ளே போய் உங்களுக்கு எந்த வயதில் வலி தொடங்கியது, பிள்ளைக்காக எத்தனை வருடம் காத்திருந்தீர்கள், உங்கள் அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ‘வேறு ஏதாவது உண்டா?’ என்ற கேள்வி வந்தால், மகள் பக்கம் திரும்பிப் பாருங்கள்.